பேர் சொல்லாமல் வண்டி நகராது

முனிசாமிக்கு இடுப்பு போய்விட்டது. காலையில் பாயை விட்டு எழுந்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. முதலில் ஒருக்களிக்கவேண்டும். அப்புறம் ஒரு முழங்காலை ஊன்றவேண்டும். அப்புறம் பீரோவின் கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்து, யாரையோ திட்டிக்கொண்டே நிமிரவேண்டும். நிமிர்ந்தபிறகும் கொஞ்சநேரம் இடதுபக்கம் சாய்ந்தபடியே நிற்பான், மழைக்கு முட்டுக்கொடுத்த வைக்கோல்போர் மாதிரி.

“இன்னாயா, ஏந்துக்கினியா? இல்ல, கம்பெனிலேர்ந்து போர்க்கு வண்டி எட்த்தாரச் சொல்லட்டா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் எல்லம்மாள். அவன் பொண்டாட்டி.

அவன் ஓட்டியதே அந்த வண்டிதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டுக்கும் அச்சரப்பாக்கத்துக்கும் நடுவில் கார் விளக்கு செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் குடோனில் போர்க்லிப்ட் ஓட்டினான். இரண்டு இரும்புக் கையை நீட்டி, பெட்டி அடுக்கிய பலகையைத் தூக்கி, லாரியில் வைக்கிற வண்டி. முன்னால் சரக்கு மறைக்கும் என்பதால் பாதிநேரம் பின்னால்தான் ஓட்டவேண்டும். உடம்பு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும், தலை பின்பக்கம் பார்க்கும். வருஷக்கணக்கில் அப்படித் திரும்பித் திரும்பி, எந்தப் பக்கம் பார்ப்பது என்பதே இடுப்பெலும்புக்கு மறந்துபோனது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் அந்த சீட்டில் குந்தினால் அப்படியே தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான் என்றார். காண்ட்ராக்டர் அவனை வண்டியிலிருந்து இறக்கி, பேர் எழுதிய பச்சை ஜாக்கெட்டை மாட்டி, லோடிங் இடத்தில் சிக்னல் ஆளாக நிறுத்தினான். மழை முடிகிறவரைக்கும் பார்க்கலாம் என்றான். மழைக்கு அப்புறம் என்ன என்பதை அவன் சொல்லவில்லை. முனிசாமியும் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லம்மாளும் அதே கம்பெனிதான். கேண்டீனில் தட்டு கழுவுகிற வேலை. அவளும் காண்ட்ராக்ட்தான். மகள் ரோகிணி பிளஸ் டூ. திருக்கழுக்குன்றத்து மலை தெரிகிற ஊரில், ஏரிக்கரைக்குக் கீழே, சர்க்கார் கொடுத்த வீடு. அதில் மூன்று உசுரும், மழை பெய்தால் ஒழுகுகிற இடத்துக்கு ஒன்றாக மூன்று குண்டானும் இருந்தன.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்குப் பொம்பளைகள்மேல் அக்கறை வந்தது.

மேலிடத்திலிருந்து உத்தரவு. எந்தப் பிரிவாக இருந்தாலும் நூற்றுக்கு நாற்பது பேர் பெண்களாக இருக்கவேண்டும். குடோனில் கணக்குப் பார்த்தபோது, காலண்டரில் நின்றிருந்த மகாலட்சுமியைத் தவிர ஒரு பெண்ணும் இல்லை. உடனே ‘மலர்ச்சி’ என்று பேர் வைத்து ஒரு திட்டம் வந்தது. சுவரெல்லாம் ஹெல்மெட் போட்ட பெண் சிரித்தாள். புதுசாக ஒரு போர்க்லிப்ட் வாங்கி, அதற்கு ரோஸ் பெயிண்டு அடித்து நிறுத்தினார்கள். அதில் ஸ்பிரிங் வைத்த சீட்டு, பஞ்சுபோல. குடோனில் உள்ள எல்லா ஆண்களுக்கும் இடுப்புவலி. எல்லோருக்கும் அந்த சீட்டின்மேல் ஒரு கண். ஆனால் ரோஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் மானம் போய்விடும் என்று, தகரம் மாதிரி சீட்டு வைத்த பழைய வண்டியிலேயே முக்கி முனகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முனிசாமியோடு குடோனில் வேலை பார்க்கிற ஏசுதாஸ் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காதபோது ஏறி உட்கார்ந்து பீடி பிடிக்காத குறையாகக் கண்ணை மூடிக்கொள்வான்.

திட்டத்தை நடத்த வந்தவர் ஜஹனாரா மேடம். சதுரங்கப்பட்டினத்துப் பெண். சென்னையில் படித்துவிட்டு எச்.ஆரில் சேர்ந்தவர். கேண்டீனிலும் கூட்டிப்பெருக்குகிற வேலையிலும் இருக்கிற பெண்களில் பத்தாவது முடித்தவர்களுக்கு வண்டி கற்றுத் தருவோம், பரீட்சை தேறினால் நேரே கம்பெனி ஆள், காண்ட்ராக்ட் இல்லை, வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி கார்டு என்று சொன்னார். கார்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எல்லம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேர் கொடுத்துவிட்டாள். புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது முனிசாமி சொல்லிப் பார்த்தான். அது ஆடு ஓட்டுகிற மாதிரி இல்லை, ஸ்டீயரிங் பின்சக்கரத்தைத் திருப்பும், பின்னால் போகத் தெரியவேண்டும், அதற்கே ஆம்பிளைகளுக்கு ஆறு மாசம் ஆகும் என்றான்.

“பின்னால போறது எனுக்கு இன்னா புச்சா?” என்றாள் அவள். “தாவணி போட்ட காலத்துலேர்ந்து நாத்து நட்டுகினுகீறேன். நடவுல எவளாவது முன்னால நடந்து பாத்துகிறியா நீ? சேத்துல குனிஞ்சிகினே பின்னாலதான போறோம். இதுல குந்திகினு வேற போலாங்கிற.”

சொன்னமாதிரியே நடந்தது. கூட வந்த பெண்கள் முன்னால் ஓட்டும்போது நன்றாக ஓட்டிவிட்டு, பின்னால் என்றதும் தூணைத் தேடிப்போய் முட்டினார்கள். எல்லம்மாள் வரப்பு மிதிக்காமல் நடவு நடுகிறவள் மாதிரி மஞ்சள் கோட்டைத் தொடாமல் பின்னால் வந்து நின்றாள். சதுரங்கப்பட்டினத்து மீன்காரக் குடும்பத்துப் பெண் துர்காதேவி அவளோடு கற்றுக்கொள்கிறவள். கட்டுமரத்தைக்கூட இவ்வளவு சுளுவாகத் திருப்பமுடியாதுக்கா என்று வாய்பிளந்தாள். முனிசாமிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டியை விட்டு இறங்கியவன் அவன். ஏறியவள் அவள். இரண்டும் ஒரே மாசத்தில் நடந்திருக்கவேண்டாம்.

தடங்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

குடோனில் ஒரு சட்டம் உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்குமுன் ஓட்டுகிற ஆள் சிக்னல் ஆளை விரலால் காட்டி, பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். சிக்னல் ஆள் பின்னால் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி, ஓட்டுகிற ஆளின் பேரைச் சொல்லி ‘க்ளியர்’ என்று பதில் சொல்லவேண்டும். பதில் வராமல் வண்டி நகரக்கூடாது. போன வருஷம் ஒருத்தன் பொத்தாம்பொதுவாக ‘யோவ்’ என்று கத்த, குடோனில் இருந்த எல்லா யோவும் திரும்பிப் பார்க்க, பார்க்கவேண்டியவன் மட்டும் பார்க்காமல் நின்று, அவன் கால்விரல் மயிரிழையில் தப்பியது. அதிலிருந்து பாதுகாப்பு அதிகாரி தீனதயாளன் சார் இந்தச் சட்டத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி கட்டிக்காத்தார்.

பயிற்சியில் எல்லம்மாளுக்கு சிக்னல் காட்டியவன் ஏசுதாஸ். ‘ஏசுதாஸ்’ என்று அவள் கூப்பிடுவாள், ‘எல்லம்மாள் க்ளியர்’ என்று அவன் சொல்வான், வண்டி வரும். ஒரு வில்லங்கமும் இல்லை. ஏசுதாஸ் வேண்டுதலுக்கு மொட்டை போட வேளாங்கண்ணிக்குப் போனான். அவன் இடத்தில் முனிசாமி வந்து நின்றான்.

எல்லம்மாள் ரோஸ் வண்டியில் உட்கார்ந்து, விரலை நீட்டி, புருஷனைக் காட்டினாள். விரல் நீண்டது. வாய் திறக்கவில்லை.

“இன்னாமே, கூப்டு” என்றான் முனிசாமி.

“யோவ்” என்றாள்.

தீனதயாளன் சார் விசிலை ஊதினார். பேர் சொல்லணும்மா என்றார்.

“ரோகிணி அப்பா.”

“அது உறவுமுறைம்மா. பேரு. அவரு நெஞ்சுல எழுதியிருக்கு பாருங்க, படிங்க.”

“படிச்சிட்டேன் சார்.”

“வாய்விட்டுப் படிங்க.”

“அது ஆவாது சார்” என்று சொல்லிவிட்டு எல்லம்மாள் இன்ஜினை அணைத்தாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். அவள் அம்மா தன் புருஷன் பேரைச் சொன்னதில்லை, நாத்தனார் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. மற்றபடி அவள் ஒன்றும் வாயில்லாப்பூச்சி இல்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனை யோவ் என்பாள், உனுக்கு அறிவுகீதா என்பாள், குடித்துவிட்டு வந்த காலத்தில் அவன் பரம்பரையையே வரிசையாக நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள். பேர் மட்டும் கிடையாது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளை இடித்து, நீ சொல்லுடி என்பாள். ரோகிணி பிறந்தபோது வலியில் துடித்துக்கொண்டிருந்தவளிடம் நர்ஸ் புருஷன் பேரைக் கேட்க, வலியோடு எழுந்துபோய் வராண்டாவில் நின்ற அவனையே கையைப் பிடித்து இழுத்துவந்து, இவுருதான், இவுரையே கேட்டுக்கோங்க என்றுவிட்டுப் படுத்தவள். ஏரிக்கரை முனீஸ்வரனைக்கூட அவள் கரைச்சாமி என்றுதான் சொல்வாள்.

விஷயம் எச்.ஆர். அறைக்குப் போனது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்காரவைத்து ஜஹனாரா மேடம் பேசினார், சுவரோரம் தீனதயாளன் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புருஷன் பெண்டாட்டியை வேறு வேறு ஷிப்டில் போட்டுவிட்டால் என்ன என்று மேடம் கேட்டார். ஷிப்டு மாறுகிற நேரத்தில் யார் யாருக்கு சிக்னல் காட்டுவான் என்று யார் கண்டது, குடோனில் இருக்கிற எந்த ஆளையும் கூப்பிடத் தெரியவேண்டும், ஒருத்தனைக் கூப்பிட முடியாது என்றால்கூட பெயில்தான் என்றார் சார். அப்படியானால் பேருக்குப் பதில் நம்பர் என்றார் மேடம். சார் தலையை ஆட்டினார். “நம்பரச் சொன்னா மனுஷன் யோசிப்பான் மேடம். பேரச் சொன்னாத்தான் தூக்கத்துலகூடத் திரும்புவான்.” அது நியாயமாகத்தான் இருந்தது.

மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, முனிசாமி அண்ணனுக்கு வேலைநேரத்துக்கு மட்டும் வேறு பேர் வைத்துக்கொண்டால் என்ன, மணி என்று ஜாக்கெட்டில் எழுதித் தருகிறோம் என்றார். சாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. எல்லம்மாள்தான் துள்ளி எழுந்தாள்.

“இன்னா மேடம் நீங்க. கட்டனவனப் பாத்து ஊரான் பேரச் சொல்லிக் கூப்டவா? கம்பெனி பஸ்ஸுல எங்க ஊருக்காரி ரெண்டு பேரு வராளுங்க. குடோனுக்குள்ள எல்லம்மா ‘மணி மணி’ன்னு கத்திகினுகீறான்னு போய்ச் சொல்லுவாளுங்க. அப்பால யாரு அந்த மணின்னு நான் ஊட்டுக்கு ஊடு போயி சொல்லிகினு இருக்கவா?”

ஜஹனாரா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தன் அம்மாவும் அத்தா பேரைச் சொல்லமாட்டார் என்றும், பேங்கில் கேட்டபோது ஆதார் கார்டை எடுத்து நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார் என்றும் சொன்னார். “பெண்கள் ஏன் வேலைக்கு வரலன்னு மேலிடத்துக்கு நாப்பது ஸ்லைடு போட்டு அனுப்பிச்சேங்க்கா. பஸ் இல்ல, பாத்ரூம் இல்ல, கொழந்தையப் பாத்துக்க ஆள் இல்ல, எல்லாம் போட்டேன். இதுக்கு ஒரு ஸ்லைடு போடல” என்றார். கடைசியில், பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வீட்டில் சொல்லிப் பழகுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பழகினார்கள். வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. மழை விட்ட நேரத்தில் முனிசாமி ஒரு மரத்தடியில் போய் நிற்பான். அவள் கவிழ்த்த உரல்மேல் உட்கார்ந்து விரலை நீட்டுவாள். ‘மு’ வரைக்கும் வரும். அதற்குமேல் இருமல் வரும். இல்லாவிட்டால் சிரிப்பு வரும். ஒருநாள் கண்ணில் தண்ணீர் வந்தது. உன் உசுருக்கு ஒண்ணு ஆனா நான் இன்னா பண்றது, ஏற்கெனவே பாதி உசுராத்தான் நிக்கிற என்றாள். ரோகிணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எங்கள் வகுப்பில் பையன்களையெல்லாம் வாடா போடா என்றுதான் கூப்பிடுகிறோம், ஒருத்தனும் சாகவில்லை என்றாள். அவளுக்கு விளக்குமாறு பறந்தது.

முனிசாமி ‘சும்மா சொல்லுமே, ஒண்ணியும் ஆவாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரத்தடியில் சாய்ந்து நின்றுகொண்டு, அவள் திணறுவதைப் பார்க்க அவனுக்கு ஒருவிதத்தில் குளுகுளுவென்று இருந்தது. இடுப்பு போனது, வண்டி போனது, காண்ட்ராக்டன் மதிப்பதில்லை. இந்த ஒருத்தி வாயில் மட்டும் அவன் பேருக்கு இன்னும் இவ்வளவு கனம் இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பரீட்சைக்கு முதல்நாள் காலையில் கம்பெனி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் வாயை விட்டுவிட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏசுதாஸ் மொட்டைத் தலையில் கர்ச்சீப் போட்டுக்கொண்டு நாஸ்தாவுக்கு வடை தின்றுகொண்டிருந்தான். தங்கச்சி பேர் சொல்ல ஆரம்பித்ததா என்று கேட்டான்.

“அவளா?” என்றான் முனிசாமி. குரல் தானாக உயர்ந்தது. “கம்பெனியத் தூக்கி அவ பேர்ல எய்தி வச்சாலும் சொல்லமாட்டா மச்சான். உசுரே போனாலும் என் பேரு அவ வாயில வராது. அப்பிடி வச்சிகினுகீறேன்.”

“அப்ப கார்டு?”

“கார்டு போனா போவுது. ஒரு ஊட்டுல ரெண்டு டிரைவர் இன்னாத்துக்கு?”

“உன்னியும் சேத்து எண்ணிகினியா” என்றான் ஏசுதாஸ். “நீ சிக்னல் போஸ்ட்டு ஆயி ரெண்டு மாசமாச்சி அண்ணாத்த. அவ பெயிலாவணும்னு வேண்டிகினுகிற மாரி கீதே உன் பேச்சு.”

சேச்சே என்று முனிசாமி சொல்லும்போதே பின்பக்க பெஞ்சிலிருந்து துர்காதேவி எழுந்தாள். கையில் பன் பாதி இருந்தது. என் வூட்டுக்காரரை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், மூன்று வேளையும் நன்றாகத்தான் தின்றுகொண்டிருக்கிறார் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் எங்கே போகிறாள் என்று முனிசாமிக்குத் தெரிந்துவிட்டது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எல்லம்மாள் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து, துர்காதேவி கொடுத்தனுப்பிய நெத்திலியை ஆய்ந்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். தட்டை அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் இரண்டு கவளம் தின்னும்வரை பொறுத்திருந்தாள்.

“டீக்கடையில இன்னா சொன்ன?”

“ஒண்ணுமில்லமே. சொம்மா ஏசுதாஸாண்ட...”

“கார்டு போனா போவுதுன்னியா?”

அவன் சோற்றைப் பிசைந்தான்.

“உன் இடுப்புக்கு ஊசி போடணும்னு டாக்டரு சொன்னாரே, அத்த எந்தக் கார்டுல போடுவ? மய முடிஞ்சதும் அந்தாளு உன்ன வெளிய அனுப்பிடுவான், அது உனுக்கும் தெரியும் எனுக்கும் தெரியும். அப்பால நான் தட்டு கய்வி வர துட்டுல ரோகிணியப் படிக்க வைப்பனா, உன்னத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவனா?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னதுமே அது.”

“நான் சொல்லாதது உன் உசுரு நல்லா இருக்கணும்னுட்டு. நீ இன்னாடான்னா அத்தையே புட்ச்சிகினு என் சோத்துல மண்ணு போடற.” குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்கு பயமாக இருந்தது. “அப்பிடி வச்சிகினுகீறியா நீ என்ன? சரி. துண்ணு. நெத்திலி ஆறிப்போவுது.”

திட்டுவாள் என்று முதுகைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தான். அவள் கழுநீர்ப் பானையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊற்றப் போய்விட்டாள்.

மறுநாள் கார்த்திகை மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குடோனின் தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்கவில்லை. மேலிடத்திலிருந்து கதர்ப் புடவை கட்டிய ஓர் அம்மாளும், அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒருவரும் வந்திருந்தார்கள். ரோஸ் வண்டிக்கு ரோஸ் பலூன் கட்டியிருந்தது. பரீட்சை பார்க்க வெளியிலிருந்து வந்தவர் சிரிக்காத ஆள். பலூனை முதலில் அவிழ்க்கச் சொன்னார்.

துர்காதேவி ஓட்டினாள், ஏசுதாஸ் சிக்னல் காட்டினான், தேறினாள். அடுத்து எல்லம்மாள். அவளுக்கு முனிசாமிதான் சிக்னல் என்று தீனதயாளன் சார் முன்னமே சொல்லிவிட்டார். எது வராதோ அதைத்தானே சோதிக்கவேண்டும்.

எல்லம்மாள் பலகையைத் தூக்கினாள். இரண்டாவது அடுக்கில் வைத்தாள். வண்டியின் இரும்புக் கைகளைத் துளி சத்தமில்லாமல் உருவினாள். கதர்ப் புடவை அம்மாள் கை தட்டப்போக, இன்னும் முடியவில்லை என்று பரீட்சைக்காரர் கையைக் காட்டினார். இப்போது பின்னால் வரவேண்டும். பின்னால் முனிசாமி பச்சை ஜாக்கெட்டோடு இடதுபக்கம் சாய்ந்து நின்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். விரலை நீட்டினாள். ஜஹனாரா மேடம் கையில் இருந்த தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முனிசாமிக்கு அந்த நேரத்தில் தன் மனசு எந்தப் பக்கம் நிற்கிறது என்றே விளங்கவில்லை. சொல்லிவிடு என்றும் இருந்தது, சொல்லிவிடாதே என்றும் இருந்தது.

“முனிசாமி.”

இருமல் இல்லை, திணறல் இல்லை. ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் கூப்பிடுகிற குரல். தகரத்தில் அடித்த மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. லாரிக்குள் சரக்கு கட்டிக்கொண்டிருந்தவன் எட்டிப்பார்த்தான்.

முனிசாமிக்குக் காது அடைத்துக்கொண்டது. அவன் அம்மா கூப்பிட்டிருக்கிறாள், வாத்தியார் கூப்பிட்டிருக்கிறார், போலீஸ்காரன்கூட ஒருதரம் கூப்பிட்டிருக்கிறான். இந்தக் குரலில் அந்தப் பேரை அவன் கேட்டதே இல்லை. முதுகுத்தண்டில் எதுவோ ஜிவ்வென்று ஏறியது. சாய்ந்து நின்றவன் நேராக நிமிர்ந்துவிட்டான். வலிகூடக் கொஞ்சநேரம் எங்கோ போயிருந்தது.

கையைத் தூக்கினான். இப்போது அவன் பதில் சொல்லவேண்டும். எல்லம்மாள் க்ளியர். இரண்டே வார்த்தை.

வாயைத் திறந்தான். “இந்தா...” என்று வந்தது.

மூடிக்கொண்டான். மறுபடி திறந்தான். நாக்கு எழும்பவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவன் அவளை இந்தா என்பான், இன்னாமே என்பான், ஊரில் யாரிடமாவது சொல்லவேண்டுமென்றால் ரோகிணி அம்மா என்பான், எங்க ஊட்ல என்பான். பேரைச் சொல்லி எப்போது கூப்பிட்டோம் என்று அந்த இடத்திலேயே யோசித்தான். ஒரு தடவையும் நினைவுக்கு வரவில்லை. அவளுக்காவது சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. பொண்டாட்டி பேரைச் சொன்னால் பொண்டாட்டி செத்துப்போவாள் என்று எவனும் சொல்லவில்லை. அவன் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

“முனிசாமி” என்றாள் மறுபடியும். இந்தத் தடவை கொஞ்சம் அலுப்பாக, கேண்டீனில் தட்டை வைக்காமல் நிற்கிறவனைக் கூப்பிடுகிறமாதிரி.

“வாமே” என்றான் முனிசாமி. “வா, வா, ஒண்ணுமில்ல, வா.”

அவள் வரவில்லை. பேர் வராமல் வண்டி நகரக்கூடாது. கியரை நடுவில் தள்ளினாள், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பி அணைத்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பஞ்சு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சட்டப்படி செய்யவேண்டியதும் அதுதான். பரீட்சைக்காரர் முதல்தடவையாகச் சிரித்தார். ஓட்டிய அம்மா பாஸ் என்றார். சிக்னல் ஆள் பெயில் என்றார். எல்லம்மாளை முடித்துக்காட்டச் சொல்லி ஏசுதாஸை நிறுத்தினார்கள்.

ஏசுதாஸ் மொட்டைத் தலையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துவிட்டு, “எல்லம்மாள் க்ளியர்” என்று வேண்டுமென்றே ராகம்போட்டுக் கத்தினான். வண்டி வந்தது.

அன்று கம்பெனியில் முனிசாமிதான் பேச்சு. கதர்ப் புடவை அம்மாள் அவனிடமே வந்து, உங்கள் மனைவிக்கு நீங்கள் கொடுத்த ஊக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று செல்போனை நீட்டினார். பக்கத்தில் நின்ற எல்லம்மாள், அவுருக்கு வார்த்தை வராதும்மா, பாத்தீங்க இல்ல என்றாள்.

ஜஹனாரா மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். சிக்னல் ஆள் பெயிலானால் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து தேறவேண்டும், அடுத்த வகுப்பு மலர்ச்சி வகுப்புதான், புதுசாகச் சேர்ந்த பெண்களோடு உட்காருவதில் ஆட்சேபம் இல்லையே என்றார். அவன் தலையைச் சொறிந்தான். “எல்லாரையும் சேத்துக்கிறதுதானே அண்ணா திட்டம். ஆம்பிளைங்களச் சேக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதல” என்றார் மேடம். அப்படியே ஒரு ஸ்லைடும் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் எல்லம்மாள் அவனைக் கிழக்கே பார்க்க நிற்கச் சொன்னாள். உப்பும் மிளகாயும் கையில் எடுத்து, தலையிலிருந்து கால்வரை மூன்று சுற்று சுற்றினாள். முணுமுணுவென்று எதையோ வேண்டிக்கொண்டு, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். நெடியே வரல, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு என்றாள். ரோகிணி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

“இனிமே ஊட்லயும் பேரு சொல்லித்தான் கூப்டுவியா?” என்று கேட்டான் முனிசாமி. கேட்கும்போது அவன் குரலில் ஒரு ஆசை இருந்தது. அதை அவள் கவனித்துவிட்டாள்.

“ஊட்ல இன்னாத்துக்கு? அது டூட்டி பேரு. கேட்டு தாண்டனா யோவ்தான்.” தண்ணீர்ச் சொம்பை அவன் கையில் கொடுத்தாள். “உன்னியத்தான் எல்லாரும் கூப்டறாங்க. பேரு போட்டு சட்டயே குட்த்துகீறாங்க. என் பேர நான் கம்பெனிக்கு வந்தப்பறம்தான்யா காதால கேட்டேன். அதுவும் ஏசுதாஸ் வாயால.”

அவன் சொம்பை வைத்துவிட்டு, அவளைப் பார்த்து, “எ...” என்றான். அப்புறம், “இந்தாமே, டீ போடு” என்றான்.

மழை முடிந்தது. எல்லம்மாள் கம்பெனி ஆளானாள். கார்டு வந்தது. முனிசாமிக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள், பீரோவைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறான். காண்ட்ராக்டன் அவனை அனுப்பவில்லை. வகுப்பு தேறினால் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். மலர்ச்சி வகுப்பில் கடைசி பெஞ்சில், புதுசாக வந்த பெண்களுக்கு நடுவில், முழங்கையை ஒடுக்கிக்கொண்டு உட்காருகிறான். துர்காதேவி க்ளியர் என்கிறான், நன்றாக வருகிறது. யார் பேரைச் சொன்னாலும் வருகிறது. ரோஸ் வண்டி திரும்பி, அதிலிருந்து ஒரு விரல் அவனை நோக்கி நீளும்போது மட்டும் கை தூக்கி நிற்கிறான், வாய் இந்தா என்கிறது. தீனதயாளன் சார் விசிலை ஊதுகிறார்.

எல்லம்மாள் வற்புறுத்தவில்லை. “ஒண்ணியும் அவசரமில்ல. மெதுவா வா” என்கிறாள். “நான் உன்ன பரீட்ச அன்னிக்கே ரெண்டு தபா கூப்ட்டுட்டேன். அது மட்டும் ஞாபகம் வச்சிக்கோ.”

முனிசாமிக்கு ஞாபகம் இருக்கிறது. பெண்டாட்டியை ஒருதரம் எல்லம்மாள் என்று கூப்பிடவேண்டும். அந்தப் பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது.